யானைக் காது வைத்த குஷன் கட்டில், அடியில் பெட்டி: ஆறு வயசுப் பிள்ளைக்கு வாங்கலாமா?

மஞ்சக்குப்பம் வாசகி, 6 ஜூலை 2025, மாலை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கோம். பெண்ணுக்கு ஆறு வயசு, இப்போதான் தனி அறை கொடுக்கப் போறோம். அறை பத்துக்கு ஒன்பது. பாண்டியில் ஒரு ஷோரூமில் குழந்தைக் கட்டில் பார்த்தோம். சுத்தியும் வெல்வெட் குஷன், தலைமாட்டில் ரெண்டு பெரிய யானைக் காது, நடுவில் கண்ணு. மெத்தையைத் தூக்கினா அடியில் முழுசும் பெட்டி, ஹைட்ராலிக். அவள் அதை விட்டு நகரவே மாட்டேன்னு உட்கார்ந்துட்டா. அவருக்கும் பிடிச்சிருக்கு. மாமியார் மட்டும் "பரண்ல தேக்குக் கட்டில் சும்மா கிடக்கு, இதுக்கு எதுக்குக் காசு"ன்னு சொல்றாங்க. இந்த மாதிரி கட்டில் வாங்கினவங்க இருந்தா சொல்லுங்க. அட்வான்ஸ் இன்னும் கொடுக்கலை.

முத்தியால்பேட்டை, 6 ஜூலை 2025, இரவு

அட்வான்ஸ் கொடுக்கலை என்பது நல்ல சேதி. கொடுக்காதீங்க, ஒரு வாரம் பொறுங்க.

கடைக்காரரிடம் முதலில் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: உறை கழருமா? விலை, கலர், காது எல்லாம் அப்புறம். கழராதுன்னா, அதாவது துணியை நேரா பிளைவுட்டில் வைச்சு ஸ்டேப்ளர் பின் அடிச்சிருந்தா, நம்ம ஊருக்கு அது ஆகாது. பெங்களூரிலோ கோயம்புத்தூரிலோ இருக்கிறவங்களுக்கு நான் இப்படிச் சொல்ல மாட்டேன். நீங்க கடலூர், நான் பாண்டி முத்தியால்பேட்டை, நாம கடலுக்கு ரெண்டு, மூணு கிலோமீட்டரில் குடியிருக்கோம். ஐப்பசி, கார்த்திகையில் பீரோவுக்குள்ள மடிச்சு வைச்ச பட்டுப்புடவையே நமுத்த மாதிரி இருக்கும். ஃபோம் ஈரத்தை இழுத்து வைச்சுக்கும். மேல இருக்கும் துணி காஞ்ச மாதிரி தெரியும், உள்ளே காயாது. தை மாசம் பின்பக்கம் திருப்பிப் பார்த்தா கறுப்புப் புள்ளி.

அதோட தூசிப்பூச்சி. கண்ணுக்குத் தெரியாத மைட். அது தண்ணி குடிக்காது, காத்திலிருக்கும் ஈரத்தை உடம்பு வழியா உறிஞ்சித்தான் உயிரோட இருக்கு. காத்தில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து இருந்தா வறண்டு செத்துடும். நம்ம ஊரில் 50க்குக் கீழே என்னைக்குப் போகுது? பிள்ளைக்கு வீசிங் இருக்கா, இல்லையான்னு நீங்க சொல்லலை. இருந்தா, துவைக்க முடியாத குஷனைத் தலைமாட்டில் வைக்கிறதை டாக்டரும் விரும்ப மாட்டார்.

முத்தியால்பேட்டை, 6 ஜூலை 2025, இரவு, கொஞ்சம் கழிச்சு

காது வேண்டாம்னு நான் சொல்லலை. அதைத் தெளிவாச் சொல்லிடறேன், இல்லைன்னா உங்க பெண் என்மேல கோபப்படுவா. என் பெரியவள் சின்னதா இருந்தப்போ மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமியிடம் ஆசி வாங்காம பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டா. 2022 நவம்பர் 30ஆம் தேதி லட்சுமி இறந்த அன்னிக்கு வீட்டில் யாரும் ஒழுங்கா சாப்பிடலை. யானைன்னா இந்தப் பக்கத்துப் பிள்ளைங்களுக்கு அது வேற.

ஆனா அதே பெரியவள் இப்போ ஏழாம் வகுப்பு. அவள் அறையில் யானை இருந்தா தோழிகளை வீட்டுக்கே கூப்பிட மாட்டா. கட்டில் இருபது வருஷம் நிக்கும், விளையாட்டு ஆசை மூணு வருஷம். அந்த மூணு வருஷத்தை மரத்தில் செதுக்காதீங்க, துணியில் தையுங்க.

முத்தியால்பேட்டை, 8 ஜூலை 2025

பெட்டி விஷயம். இதுதான் நிஜமா கவனிக்க வேண்டியது.

ஹைட்ராலிக்னு சொல்றது உள்ளே கேஸ் அடைச்ச ரெண்டு தண்டு. பெரியவங்க கட்டிலுக்கு, கனமான மெத்தையைத் தூக்குற கணக்கில் செஞ்சது. குழந்தைக் கட்டிலுக்கு அதே தண்டைப் போட்டா, நாலு அங்குல மெத்தை லேசா இருக்கிறதால பலகை சரியா உட்காராது, அழுத்தி மூடணும். கொஞ்ச வருஷம் போனா கேஸ் குறையும், அப்போ நேர் எதிர்: நிக்க வேண்டிய பலகை மெல்ல இறங்கும். கடைக்காரர் தூக்கிக் காட்டும்போது அழகா நிக்கும், அது புதுசு.

பிள்ளைங்க கண்ணாமூச்சி ஆடும். ஆறு அடிக்கு மூணு அடிப் பெட்டியைப் பார்த்தா எந்தப் பிள்ளைக்கும் உள்ளே படுக்கத் தோணும். அமெரிக்காவில் பொம்மைகளுக்கான ஏஎஸ்டிஎம் எஃப்963 தரத்தில் பொம்மைப் பெட்டிக்குன்னே தனி விதி இருக்கு. மூடியை எந்த உயரத்தில் விட்டாலும் அது அங்கேயே நிக்கணும், சடார்னு விழக்கூடாது. பெட்டிக்குக் காத்து ஓட்டை வேணும். நம்ம கடைகளில் கட்டில் பெட்டியில் காத்து ஓட்டை நான் பார்த்ததில்லை.

அதனால என் கட்சி டிராயர். ரெண்டு டிராயர், பக்கவாட்டில் இழுக்கிற மாதிரி. பிள்ளையே திறந்து பொம்மையை எடுத்து, பிள்ளையே திரும்பப் போடும். திரும்பப் போடுறது நம்ம கனவுன்னு வைச்சுக்குங்க. ஆனா ஹைட்ராலிக்கில் அந்தக் கனவுக்கும் வழியில்லை, ஒவ்வொரு தடவையும் நீங்கதான் போய் மெத்தையைத் தூக்கணும்.

மஞ்சக்குப்பம் வாசகி, 9 ஜூலை 2025

அக்கா, உறை கழராதாம், கேட்டுட்டேன். "துடைச்சா போதும் மேடம்"னு சொன்னாங்க. இன்னொண்ணு சொல்ல வெட்கமா இருக்கு. சில ராத்திரி அவள் இன்னும் படுக்கையை நனைச்சுடறா. வெல்வெட்டைத் துடைச்சா போகுமா?

முத்தியால்பேட்டை, 9 ஜூலை 2025

போகாது. வெட்கப்படவும் ஒண்ணுமில்லை. அஞ்சு வயசில் நூத்துக்குப் பதினஞ்சு பிள்ளைங்க நனைக்கிறாங்கன்னு குழந்தை மருத்துவப் புத்தகமே சொல்லுது, அதுக்கப்புறம் வருஷா வருஷம் தானாவே குறையும். திட்டாதீங்க, மாமியாரையும் திட்ட விடாதீங்க.

மெத்தைக்கு வாட்டர்ப்ரூஃப் புரொடெக்டர் ரெண்டு வாங்கி மாத்தி மாத்திப் போடுங்க. நாலு மூலையில் மட்டும் எலாஸ்டிக் வைச்சது நழுவும். சுத்தியும் பாவாடை மாதிரி இறங்கி மெத்தையை முழுசாப் பிடிக்கிறதுதான் சரி. கட்டிலின் பக்கச் சட்டத்துக்கும் குஷன் போட்டிருந்தா, புரொடெக்டர் தாண்டி வழியிற ஈரம் நேரா அந்த இடுக்கில்தான் இறங்கும். அதனால பக்கச் சட்டத்துக்கு குஷன் வேண்டவே வேண்டாம். முட்டிக்கும் தலைக்கும் அடிபடுற இடம் தலைமாடும் கால்மாட்டு முனையும்தான். அங்கே மட்டும் மெத்துன்னு இருந்தா போதும்.

முத்தியால்பேட்டை, 12 ஜூலை 2025

யாரோ ஒருத்தர் எனக்குத் தனியா எழுதிக் கேட்டிருக்கார், "ரெக்ஸின்னா துடைக்கலாமே"ன்னு. துடைக்கலாம். ஆனா சித்திரை வெயிலில் கரண்ட் போன ராத்திரி ரெக்ஸினில் சாய்ஞ்சு பாருங்க, முதுகு ஒட்டிக்கும். இன்னொரு வில்லங்கம், ரெக்ஸின் மாதிரியே இருக்கும் பியூ லெதர். அதுக்கு மேல்பூச்சு பாலியூரித்தேன். ஈரக் காத்தில் அந்தப் பூச்சு கொஞ்சம் கொஞ்சமா சிதைஞ்சு செதில் செதிலா உரியும். எங்க வீட்டு சோபாவைப் பார்த்த என் மாமனார், "பாம்பு சட்டை உரிக்குது"ன்னு சொன்னார். பிள்ளைங்க உட்கார்ந்து அதை இன்னும் உரிக்கும்.

இன்னொண்ணு, தரை. என் தங்கச்சி வீடு ரெயின்போ நகர். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையேறினப்போ பாண்டியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டிச்சே, அப்போ அவள் வீட்டுக்குள்ள கணுக்கால் தண்ணி. அவள் பையன் கட்டில் பெட்டிக் கட்டில், கால் கிடையாது, அடிப்பலகை தரையோட தரையா உட்கார்ந்திருக்கும். பலகை பார்ட்டிகிள் போர்டு, மரத்தூளைப் பசை போட்டு அழுத்தினது. மூணாம் நாள் தண்ணி வடிஞ்சு பார்த்தா, அடியெல்லாம் உப்பிப் பொங்கி, ஸ்க்ரூ பிடிமானமே இல்லாம கையோட வருது. உள்ளே இருந்த போர்வை, பழைய பாடப்புத்தகம் எல்லாம் குப்பை. மேலே இருந்த குஷன்மேல ஒரு சொட்டு படலை, ஆனா கட்டிலே போயிடுச்சு.

அடுத்த ரெண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணி தென்பெண்ணையில் வந்து கடலூர்ப் பக்கம் என்ன ஆச்சுன்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மஞ்சக்குப்பத்தில் உங்க தெரு மேடா, பள்ளமா?

எப்படியும் கால் வேணும். நாலு அங்குலமாவது. துடைப்பமும் மாப்பும் உள்ளே போகும், காத்து போகும், கரையான் ஏறினா கண்ணில் படும்.

முத்தியால்பேட்டை, 13 ஜூலை 2025

இன்னிக்கு ஞாயிறு, காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்கு வேற வேலையாப் போனேன். கட்டில் தலைமாடு ஏதாவது பழசு கிடைக்குமான்னு கண்ணு தானாப் போகுது. கிடைக்கலை. ரெண்டு நைட்டியும் ஒரு இட்லித் துணியும் வாங்கிட்டு வந்தேன்.

நெல்லிக்குப்பம் அண்ணன் "இரும்புக் கட்டில் போடுங்க, ஆயுசுக்கும் நிக்கும்"னு எழுதியிருக்கார். அண்ணே, நெல்லிக்குப்பத்தில் நிக்கும். கடற்கரை ஓரத்தில் பவுடர் கோட்டிங் வெல்டிங் முனையில் விட்டுப்போன இடத்தில் உப்புக்காத்து உள்ளே போய், வெளியே தெரியாம துரு தின்னும். டிராயர் சேனல் (டிராயர் ஓடுற தண்டவாளம்), கீல், ஸ்க்ரூ எல்லாத்துக்கும் இதே கதைதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்க, 304 ரகம்.

மாமியார் சொன்ன தேக்குக் கட்டிலை நாம யாரும் மதிக்கவே இல்லை. அது என்ன அளவு?

மஞ்சக்குப்பம் வாசகி, 14 ஜூலை 2025

ஆறேகால் அடி நீளம், மூணடி அகலம் அக்கா. நாலு காலும் நல்லா இருக்கு. தலைமாடு வெறும் கடைசல் கம்பிதான். எங்க தெரு மேடு, ஆனா 2015ல வெள்ளம் வாசப்படி வரைக்கும் வந்துச்சு.

முத்தியால்பேட்டை, 14 ஜூலை 2025

ஆறேகாலுக்கு மூணா! அது 75க்கு 36 அங்குலம். கடையில் ரெடிமேடா கிடைக்கும் சிங்கிள் மெத்தை அளவு அப்படியே. உங்க மாமியார் காலைத் தொட்டுக் கும்பிடுங்க.

கடைசல் கம்பின்னா இடைவெளியைப் பாருங்க. பங்க் பெட்டுக்கு, அதாவது மேலும் கீழுமா ரெண்டு அடுக்குக் கட்டிலுக்கு, அமெரிக்க விதியில் கம்பி இடைவெளி மூணரை அங்குலத்துக்கு மேல இருக்கக்கூடாது, உடம்பு நுழைஞ்சு தலை மாட்டிக்கும்னு. இது பங்க் பெட் இல்லை, உங்க பெண் கைக்குழந்தையும் இல்லை, ஆனாலும் தம்பி, தங்கச்சி வந்தா அதுவும் இதில்தான் ஏறும். எப்படியும் அந்தக் கம்பியை மூடித்தான் குஷன் வரப்போகுது.

முத்தியால்பேட்டை, 20 ஜூலை 2025

என் சித்தப்பா மகன் முதலியார்பேட்டையில் சீட் கவர், குஷன் வேலை செய்றான். அவனைப் பிடிச்சு உட்கார வைச்சுக் கேட்டேன். அவன் சொன்னது, கூடவே நான் போட்ட கணக்கு.

12 மி.மீ. பிளைவுட்டில் தலைமாட்டு அகலத்துக்கு ஒரு பலகை, மெத்தைக்கு மேல ரெண்டு அடி உயரம். பிளைவுட் ஐஎஸ் 710 முத்திரை இருக்கும் மரைன் ரகம். கடையில் சாதாரணமாக் கொடுக்கிற எம்ஆர் ரகத்தில் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. அது ஈரத்துக்கும் தாங்காது, புதுசில் கண்ணை எரிக்கிற வாடையும் கூட. மரைனில் பீனால் பசை, வாடை குறைவு, தண்ணிக்கும் தாங்கும். பலகை மேல 32 டென்சிட்டி ஃபோம் ரெண்டு அங்குலம். ஃபோமுக்கு மேல ஒரு வெள்ளைத் துணியை மட்டும் பின் அடிச்சு முடிச்சுடணும். அது நிரந்தரம். அதுக்கு மேல தலையணை உறை மாதிரி மாட்டிக் கழற்றும் உறை. அந்த உறையில்தான் யானை.

குஷன் துணி அகலம் 54 அங்குலம். பலகை அகலம் 38ன்னா தையலுக்கும் கனத்துக்கும் சேர்த்து 43 போதும். முன்னாடி 24, பின்னாடி 24, மேல் கனம், அடி மடிப்பு எல்லாம் சேர்த்து ஒன்றரை மீட்டர். பக்கத்தில் 11 அங்குலத் துண்டு நீளவாக்கில் மிஞ்சுதில்லையா, அதில் நாலு துண்டு வெட்டினா ரெண்டு காது. காதைத் தைச்சு ஒட்டாதீங்க, வெல்க்ரோ. பிடுங்கி விளையாடட்டும். ரெண்டு செட்டுக்கு மூணு மீட்டர். ஒண்ணு துவைக்கப் போனா இன்னொண்ணு மாட்டலாம்.

துணி கரூர் கேன்வாஸ் மாதிரி கெட்டிப் பருத்தி. வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை தண்ணியில் ஊறப்போட்டுக் காயவையுங்க. இல்லைன்னா முதல் துவைப்பில் சுருங்கி, பலகையில் ஏறவே ஏறாது.

பலகையை ஒட்டற பசை வாடை ரெண்டு வாரம் வரும். அது வராண்டாவில் நிக்கட்டும், பிள்ளை அறைக்குள்ள உடனே வேண்டாம்.

முத்தியால்பேட்டை, 21 ஜூலை 2025

ராத்திரி படுத்துக்கிட்டு உங்க அறையை மனசுக்குள்ள அளந்தேன். டிராயர் டிராயர்னு முழங்கினேனே, அதில் ஒரு யோசனை மிச்சம் இருக்கு.

ஒன்பது அடி அகலத்தில் கட்டில் மூணேகால் அடி. எதிர்ச் சுவரில் மேஜையோ அலமாரியோ வந்தா ரெண்டு அடி. மிச்சம் மூணே முக்கால். கட்டில் அகலம் முழுசுக்கும் டிராயர் செஞ்சா, இழுத்து நிறுத்தும்போது ரெண்டரை அடிக்கு மேல வெளியே வரும். நிக்கிறதுக்கு ஒன்றேகால் அடிகூட இருக்காது, பக்கவாட்டில் நண்டு மாதிரி நகரணும். அதனால 18 அங்குலம் ஆழம் மட்டும் வைச்சு டிராயர். சேனலும் அந்த நீளத்தில் சாதாரணமாக் கிடைக்கும். சுவர்ப் பக்கம் மீதி ஒன்றரை அடி செத்த இடம், அதை வீணாக்காதீங்க. மெத்தைப் பலகையை ஒரே துண்டாப் போடாம மூணாப் பிரிச்சா, வருஷத்துக்கு ரெண்டு தடவை ஒரு துண்டைத் தூக்கிக் கொலு பொம்மை, மழைக்காலக் கம்பளி வைக்கலாம். தேக்குக் கட்டில் உயரம் இருந்தா சேனலே வேண்டாம், வீல் வைச்ச தனிப் பெட்டி ரெண்டு தள்ளி வைச்சா முடிஞ்சது. வெள்ளம் வந்தா அதைத் தூக்கி மெத்தைமேல வைக்கலாம். எனக்கு இப்போ இந்த வீல் பெட்டிதான் ரொம்பப் பிடிச்சிருக்கு.

பலகையில் காத்துக்கு ஓட்டை போடச் சொல்லுங்க. இலவம் பஞ்சு மெத்தைன்னா கட்டாயம். அடிக்கடி மாடியில் வெயில் காட்ட முடியும்னா மட்டும் இலவம் பஞ்சு, முடியாதுன்னா ரப்பர் போட்ட தென்னைநார்.

முத்தியால்பேட்டை, 23 ஜூலை 2025

வடக்கே தலை வைக்கலாமா, கூடாதான்னு இங்கே ரெண்டு பேர் சண்டை போடுறாங்க. ஜன்னல் எங்கே இருக்கோ அதைப் பாருங்கப்பா. தலைமாடு ஜன்னலுக்குக் கீழே வந்தா சாரல் முழுக்க குஷன்மேல. வடக்குக்கு எமன் வரானோ இல்லையோ, வடகிழக்குப் பருவமழை நிச்சயம் வரும்.

முத்தியால்பேட்டை, 2 ஆகஸ்ட் 2025

டிராயரில் பாச்சை உருண்டை போடலாம்னு ஒருத்தர் சொன்னதைப் பார்த்துட்டுத்தான் அவசரமா எழுதறேன். நாப்தலீன் உருண்டையைப் பிள்ளைங்க அறையில் வைக்காதீங்க. பார்க்க மிட்டாய் மாதிரி இருக்கும், வாயில் போடும். ஜி6பிடின்னு ஒரு நொதி குறைவா பிறக்கும் பிள்ளைங்க இருக்காங்க, அவங்களுக்கு நாப்தலீனால் ரத்தச் சிவப்பணு உடையும். அந்தக் குறை இருக்குன்னு பலருக்குத் தெரியவே தெரியாது. காய்ஞ்ச வேப்பிலையைத் துணியில் முடிச்சு வையுங்க, மாசத்துக்கு ஒருதடவை மாத்துங்க. அதைவிட முக்கியம், மழைக்காலத்தில் டிராயரை முழுசா அடைக்காதீங்க.

முத்தியால்பேட்டை, 10 ஆகஸ்ட் 2025

நீங்க அனுப்பின படத்தைப் பார்த்தேன். யானை நல்லா இருக்கு, கண்ணு மட்டும் கோபமா இருக்கு, புருவத்தை எடுத்துடுங்க. பட்டன் கண்ணு வேண்டாம், பிய்ச்சு முழுங்கும். துணியில் வெட்டித் தையுங்க. தேர்ச்சீலையில் வெட்டுத்துணி ஒட்டித் தைப்பாங்களே, அந்த வேலைதான்.

என் சின்னவனுக்கு நான் தைச்சது தேர். வில்லியனூர் திருக்காமீஸ்வரர் தேரோட்டத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். அங்கே பிரெஞ்சுக்காரங்க காலத்திலிருந்து கவர்னர் வந்து வடம் பிடிக்கிறது வழக்கம். அவன் சாமியையும் பார்க்கலை, கவர்னரையும் பார்க்கலை, சக்கரத்தை மட்டும் பார்த்துக்கிட்டே இருந்தான். அதனால கால்மாட்டு உறையில் நாலு சக்கரம், தலைமாட்டில் கும்பம். இந்த வருஷம் "கிரிக்கெட் ஸ்டம்பு வேணும்"னு கேக்கிறான். மாத்தறதுக்கு ஒன்றரை மீட்டர் துணி, ஒரு மத்தியானம்.

மஞ்சக்குப்பம் வாசகி, 4 அக்டோபர் 2025

தேக்குக் கட்டில் இறங்கிடுச்சு, பாலிஷ் போட்டாச்சு, வீல் பெட்டி ரெண்டு ஆசாரி செஞ்சு கொடுத்துட்டார். உறைக்கு ஜிப் எந்தப் பக்கம் வைக்கணும் அக்கா? டெய்லர் மேல வைக்கலாம்னு சொல்றார்.

முத்தியால்பேட்டை, 4 அக்டோபர் 2025

மேல வேண்டாம், பிள்ளை முகம் படும். சுவர்ப் பக்கம், அடி மடிப்புக்கு ரெண்டு அங்குலம் மேல, குறுக்கா. பிளாஸ்டிக் ஜிப், மெட்டல்னா நம்ம காத்தில் இறுகிடும். இழுக்கிற தலைப்பை உள்ளே மறைக்கிற மாதிரி ஒரு சின்ன மடிப்பு தைக்கச் சொல்லுங்க. மழை தொடங்குறதுக்குள்ள ரெண்டு செட்டையும் ஒருதடவை துவைச்சு, மாட்டிப் பார்த்துடுங்க.